டாட்டூ பொம்மைகள்: குழந்தைக்குத் தரலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

பச்சை குத்துவதுபோல் விளையாடும் பொம்மைகளைப் பற்றிப் பெற்றோர், ஆசிரியர், தாத்தா பாட்டிகள் எனப் பலரும் எழுதிய கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்த நாளுக்கு உறவினர் ஒருவர் டாட்டூ பொம்மைப் பெட்டி ஒன்றைப் பரிசளித்தார். பேட்டரியில் இயங்கி ‘ர்ர்ர்’ என்று அதிரும் ஒரு பேனாவும், பட்டாம்பூச்சி, நட்சத்திரம் போன்ற வடிவங்கள் வெட்டப்பட்ட அச்சுத் தகடுகளும், தண்ணீர் தொட்டு ஒட்டும் படத்தாள்களும் அதில் இருக்கின்றன. “இன்றைக்குப் பொம்மை, நாளைக்கு நிஜம், தூக்கி எறி” என்கிறார் என் மாமியார். “படம் வரைவதில் என்ன கெட்டுவிடப் போகிறது?” என்கிறார் கணவர். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மகள் தினமும் கேட்கிறாள். என்ன செய்வது?

பதில்: இறக்கிக் கொடுங்கள், அம்மா. ஆனால் கொடுப்பதற்கு முன் அந்தப் பேனாவை நீங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இத்தகைய பேனாக்களில் உள்ளே ஒரு சிறு மோட்டார் இருக்கும். அதன் தண்டில் ஒரு பக்கமாகக் கனத்து நிற்கும் எடைத்துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது சுழலும்போது நிலைகொள்ளாமல் ஆடுவதால்தான் பேனா அதிர்கிறது. முனையில் ஊசி இல்லை. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது போன்ற மெத்தென்ற முனைதான் இருக்கிறது. ஆக, உங்கள் மகளின் கையில் இருக்கப்போவது சத்தம் போடும் ஒரு வண்ணப் பேனா, அவ்வளவே. இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜமான டாட்டூ இயந்திரத்தின் மூதாதையும் ஒரு பேனாதான். அலுவலக ஆவணங்களுக்குப் படி எடுப்பதற்காக எடிசன் 1870களில் உருவாக்கிய மின்சாரப் பேனா தாளில் நுண்துளைகளைப் போட்டது. அந்த அமைப்பை ஒட்டியே சாமுவேல் ஓ’ரைலி என்பவர் 1891இல் அமெரிக்காவில் டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

உண்மையான டாட்டூவுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள தூரம், தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த இடைவெளியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பொம்மைப் பேனாவின் மை, நாள்தோறும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும் மேல்தோலின் மேற்பரப்பில் படிகிறது. சோப்புப் போட்டால் போய்விடுகிறது, போகாவிட்டாலும் தோல் தானாக அதை உதிர்த்துவிடுகிறது. உண்மையான டாட்டூவில் ஊசி மையை அடித்தோலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே உடலின் காவல் செல்கள் மைத்துகள்களை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் இறக்கும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய செல்கள் மறுபடியும் விழுங்கிக்கொள்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் நடத்திய ஆய்வில் காட்டினார்கள். டாட்டூ ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். உங்கள் மகள் செய்யப்போவதில் இந்தக் கதை எதுவும் தொடங்குவதே இல்லை.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. பொம்மை பழக்கத்துக்கு வழிகாட்டும் என்ற வாதத்தை உலகம் ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டே இருக்கிறது. 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், சிறுவர்களைக் கவரும் வகையில் சிகரெட் வடிவில் மிட்டாயும் பொம்மையும் செய்து விற்பதைத் தடுக்குமாறு தன் 16ஆம் பிரிவில் நாடுகளைக் கேட்கிறது. ஆனால் அந்த வாதம் அங்கே வலுவாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. புகையிலை அடிமைப்படுத்தும் பொருள், உயிரைக் கொல்லும் பொருள். பெரும்பாலோர் பதின்பருவத்திலேயே அதில் விழுகிறார்கள். டாட்டூவோ வயதுவந்த ஒருவர் யோசித்து, வலியைப் பொறுத்து, பணம் கொடுத்துச் செய்துகொள்வது. பல நாடுகளில் அதற்குச் சட்டப்படியான வயது வரம்பும் உண்டு. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டின் சட்டப்படி 18 வயது ஆகாதவருக்கு டாட்டூ குத்துவதே குற்றம். ஐந்து வயதில் கையில் பட்டாம்பூச்சி ஒட்டிக்கொண்டதற்கும் இருபத்தைந்து வயதில் எடுக்கும் முடிவுக்கும் நடுவில் நண்பர்கள், படிப்பு, காதல், வேலை என்று எத்தனையோ வந்து சேரும். பொம்மையின் பங்கு அதில் மிக மெலிந்தது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “எங்கள் வீட்டில் இது எங்களுக்குப் பிடிக்காது” என்று சொல்ல உங்கள் மாமியாருக்கு முழு உரிமை உண்டு. அதற்குக் காரணம்கூட அவர் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காததை ஆபத்து என்று பெயர் மாற்றிக் குழந்தையைப் பயமுறுத்துவதுதான் வேண்டாம். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. அடுத்துவரும் கேள்விகளில் அவற்றைப் பார்க்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. அண்ணன் கையில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்று அழுகிறான். எந்த வயதிலிருந்து தரலாம்?

பதில்: மூன்று வயதுக்கு முன் வேண்டாம். பேனா மூடி, சிறு முத்திரை, பேட்டரி மூடியின் திருகு என இந்தப் பெட்டிகளில் வாய்க்குள் போகக்கூடிய துண்டுகள் நிறைய. கையில் ஒட்டிய படம்கூடச் சற்று நேரத்தில் வாய்க்குத்தான் போகும். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பொத்தான் பேட்டரிக்கு. காசு வடிவிலுள்ள அந்த லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துக் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே எந்த வயதுக் குழந்தைக்கு வாங்கினாலும், பேட்டரி அறை திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் அண்ணனுடைய பேனா இருப்பதால் உங்களுக்கு இது இன்றே பார்க்க வேண்டிய வேலை.

வயதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 1969இல் வெளியான ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளரின் ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் பேசப்படுகிறது. மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, அதன் முகத்தில் நாயின் முகமூடியை மாட்டினார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டதாக நம்பினார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் முகமூடிக்குள் இருப்பது பூனைதான் என்பதில் உறுதியாக இருந்தார்கள். தோற்றம் மாறினாலும் பொருள் மாறாது என்ற தெளிவு மெல்ல மெல்லத்தான் வருகிறது. அதனால்தான் மூன்று, நான்கு வயதுக் குழந்தை சில நேரம் கையில் ஒட்டிய பாம்பைப் பார்த்தே மிரளும். சில நேரம் குளியலில் அது கரைந்து போவதைக் கண்டு, தன்னில் ஏதோ பறிபோனதுபோல் அழும். அந்த வயதில் பாம்பும் மண்டையோடும் வேண்டாம், பூவும் மீனும் போதும். ஒட்டுவதற்கு முன்பே “நாளைக்குக் குளிக்கும்போது இது போய்விடும்” என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: சுற்றுலா சென்ற இடத்தில் என் ஏழு வயது மகனின் தோளில் கறுப்பு மருதாணியால் டிராகன் வரைந்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அந்த டிராகனின் கோட்டின் மேலேயே தோல் தடித்து, நீர்க்கொப்புளம் வந்துவிட்டது. மருதாணி இயற்கையானதுதானே?

பதில்: மருதாணி இயற்கையானதுதான், உங்கள் மகனுக்குப் பூசியது மருதாணியாக இருந்திருக்காது, அல்லது மருதாணி மட்டுமாக இருந்திருக்காது. இந்த இதழில் வேறு எந்தப் பதிலைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் பெற்றோர் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

உண்மையான மருதாணிக்குக் கறுப்பு நிறம் தெரியாது. அதன் சாயம் ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்பில் முடியும். நன்றாகப் பிடிக்கச் சில மணி நேரமாவது தோலில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கன்னங்கரேல் என்று பிடித்துவிடும் ‘மருதாணி’யில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி., என்னும் முடிச்சாய வேதிப்பொருள். முடிச்சாயத்திலேயே அதற்கு வரம்பு உண்டு: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தலையில் பூசும் நிலையில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் நேரடியாகப் பூச அங்கேயும் அனுமதி இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. தெருவோரக் கிண்ணத்தில் குழைத்த கலவையை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பரிசோதித்த சில கலவைகளில் அந்த வரம்பைப் பல மடங்கு மிஞ்சிய அளவு இருந்திருக்கிறது.

பத்து நாள் இடைவெளிதான் பலரைக் குழப்புகிறது. முதல்முறை படும்போது உடல் அந்தப் பொருளைப் பகையாக அடையாளம் கண்டுகொள்ளவே ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதன் பிறகுதான் கொப்புளம் தோன்றும். அடுத்த முறை பட்டால் ஓரிரு நாளிலேயே, முன்னைவிடக் கடுமையாக வரும். உடல் இதை மறப்பதில்லை. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இந்த ஒவ்வாமை தொடரும். உங்கள் மகன் பெரியவனாகி ஒருநாள் தலைக்குச் சாயம் பூசினால் முகமும் கண்ணிமையும் வீங்கிப்போகலாம். துணிச்சாயம் சிலவற்றுக்கும், பென்சோகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் சிலவற்றுக்கும்கூட எதிர்வினை வரலாம். ஆகவே இப்போது தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், புண் ஆறிய பின் அந்த இடம் சில மாதங்களுக்கு வெளிறியோ கறுத்தோ இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மகனின் மருத்துவக் குறிப்பில் ‘பி.பி.டி. ஒவ்வாமை இருக்கலாம்’ என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். “கொஞ்சம் தடவிப் பார்த்துச் சோதித்துவிடலாமே” என்று வீட்டில் முயலவே வேண்டாம், அந்தத் தடவலே ஒவ்வாமையைத் தூண்டப் போதும்.

கலப்படமற்ற மருதாணியிலும் ஒரு விலக்கு உண்டு. ஜி-6-பி.டி. என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கு, மருதாணியின் இயற்கைச் சாயமே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உயிருக்கு ஆபத்தை உண்டாக்கியிருக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் உள்ளங்கையில் ஒரு பொட்டுக்கூட வேண்டாம்.

கேள்வி: பெட்டியின் மேல் “நச்சற்றது” என்று அச்சிட்டிருந்தால் நம்பலாமா? ஒட்டிய படத்தை எப்படி எடுப்பது?

பதில்: அந்தச் சொல் மட்டும் போதாது. எழுதுபொருளின் மேல் அப்படி அச்சிட்டிருந்தால், வழக்கமான பயன்பாட்டில் நஞ்சாகாது என்றே பொருள்படும். தோலில் மணிக்கணக்கில் ஒட்டிக்கிடக்கத் தகுந்தது என்று பொருளல்ல. தாளுக்கும் பெட்டிக்கும் எழுதும் அழியாத மார்க்கரைக் குழந்தைகள் கையில் பூசிக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அது தோலுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. தோலில் பயன்படுத்துவதற்கு என்று வெளிப்படையாகச் சொல்கிறதா, உட்பொருள்களின் பட்டியல் இருக்கிறதா, தயாரித்தவரின் முகவரி இருக்கிறதா, இ.என். 71 அல்லது ஐ.எஸ்.ஓ. 8124 போன்ற பொம்மைப் பாதுகாப்புத் தரத்தைக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். பட்டியலே இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தாலும் வேண்டாம். வாசனைப் பொருள்கள் ஒவ்வாமைக்குப் பேர்போனவை.

புதிய பெட்டியைப் பிரித்ததும் முழங்கையின் உள்மடிப்புக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை தண்ணீரில் போகும் மைக்கும் ஒட்டுப்படத்துக்கும் மட்டுமே. கறுப்பு மருதாணிக்கு இல்லை. கரப்பான், சொறி, வெயிற்புண், சிராய்ப்பு உள்ள தோலில் எதையும் ஒட்ட வேண்டாம். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் கூடாது. மினுக்குத் தூள் கலந்தது என்றால் முகத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஒரு துகள் கண்ணில் விழுந்து கசக்கினால் விழியின் மேற்பரப்பைக் கீறிவிடும்.

எடுப்பதற்கு, உடலில் பூசும் எண்ணெய் ஏதேனும் ஒன்றைப் படத்தின் மேல் தடவி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒரே திசையில் வழித்தால் பிசின் நெகிழ்ந்து சுருண்டு வந்துவிடும். நகச்சாயம் நீக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நாரால் தேய்த்து எடுத்துச் சிவந்துபோன கைகள்தான், என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் விபத்து.

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. சிறுவன் ஒருவன் டாட்டூ முத்திரையைக் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த தோழியின் கன்னத்தில் குத்திவிட்டான். அவளுடைய பெற்றோர் கொதித்துவிட்டார்கள். முத்திரை தண்ணீரில் போய்விட்டது. இதற்கு இவ்வளவு கோபம் தேவையா?

பதில்: கோபத்தின் அளவைப் பற்றி நான் பேசவில்லை, கோபம் நியாயமானது. மை போய்விட்டது என்பது பதிலாகாது, ஏனென்றால் பிரச்சினை மையில் இல்லை. தூங்குகிற பெண்ணின் உடம்பில் அவளைக் கேட்காமல் ஒருவன் தன் விருப்பத்தைப் பதித்தான். நான்கு வயதில் அவனுக்கு அது குறும்பு; அதைக் குறும்பாகவே விட்டுவிடுவது பெரியவர்களின் பிழை.

இந்தப் பொம்மைகளை முழுதாக ஒதுக்கிவிட மனம் வராததற்கு எனக்குள்ள காரணமும் இதுவே. தாளில் வரையும்போது தாளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்னொருவரின் கையில் வரையும்போது கேட்டாக வேண்டும்: எந்தப் படம், எந்த இடம், போதுமா, நிறுத்தட்டுமா. “கூசுகிறது, வேண்டாம்” என்று பாதியில் கையை இழுத்துக்கொண்டால், அரைப் பட்டாம்பூச்சியோடு விளையாட்டு நின்றுவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு இயல்பான சந்தர்ப்பம் வகுப்பறையில் அடிக்கடி கிடைக்காது. அந்தச் சிறுவனைத் தண்டிப்பதைவிட, முதலில் உங்கள் கையை நீட்டி, அவனைக் கேட்க வைத்து, ஒருமுறை “முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். அவன் முகம் எப்படிப் போகிறது என்பதிலிருந்து உங்கள் அடுத்த பாடம் தெரிந்துவிடும்.

ஒரு விதியை மட்டும் தளர்வின்றி வையுங்கள். மெத்தென்ற முனை, முத்திரை, ஒட்டுப்படம் இவை மூன்றுக்கும் மேல் எதுவும் கூடாது. குண்டூசி, கவராயம், பென்சில் கூர் ஆகியவற்றால் ‘நிஜமாகவே’ குத்திப் பார்க்கும் ஆசை கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வரும். அது தெரிந்த அன்றே விளையாட்டை நிறுத்திவிட்டுப் பெற்றோரிடம் பேசுங்கள். ஒரே ஊசி இருவர் தோலில் பட்டால் இரத்தத்தின் வழியே தொற்று பரவலாம் என்பது அங்கே உண்மையான ஆபத்து.

கேள்வி: உடம்பில் டாட்டூ உள்ள பொம்மைகளே வருகின்றனவே?

பதில்: வருகின்றன. 2009இல் மேட்டல் நிறுவனம் டாட்டூ ஒட்டிகளோடு ஒரு பார்பியை வெளியிட்டபோது பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டும் படம் தோலுக்கு ஒன்றும் செய்யாது. வாங்குவது உங்கள் ரசனையைப் பொறுத்தது.

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. “அழியாத டாட்டூவை எனக்கு ஏன் போடக் கூடாது, தாத்தா?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள், ஐயா. ஊசியால் தோலைப் பலமுறை குத்துவார்கள், வலிக்கும், சில நாள் புண்ணாக இருக்கும். பெரியவர்களுக்கு மட்டுமே போடுவார்கள். அவளுடைய கை இன்னும் வளரப்போகிறது. கை வளர்ந்தால் படமும் இழுபட்டு வடிவம் கெடும். பின்னால் பிடிக்காமல் போனால் லேசர் கதிரால் பல தவணைகளில் அழிக்க வேண்டும், அதுவும் வலிக்கும், அப்போதும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். ஆறு வயதுக்கு இவை எல்லாமே புரியும். டாட்டூ போட்டவர்கள் கெட்டவர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளை அவளுக்குப் பிடித்த ஆசிரியையின் மணிக்கட்டில் ஒன்று இருந்தால், அவள் சந்தேகப்படுவது ஆசிரியையை அல்ல, உங்களைத்தான்.

கேள்வி: கூட்டமான இடங்களுக்குப் போகும்போது, தொலைந்துவிட்டால் உதவும் என்று குழந்தையின் கையில் எங்கள் தொலைபேசி எண்ணை ஒட்டுப்படமாக ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், நல்ல யோசனை. எண்ணை மட்டும் போடுங்கள், குழந்தையின் பெயரைப் போடாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். முன்கையின் உட்புறத்தில் ஒட்டி மேலே சட்டைக் கை மறைக்கும்படி விடுங்கள். வியர்வையில் ஓரம் கிளம்பலாம் என்பதால் அதே எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையிலும் வையுங்கள். உதவி வேண்டும் என்றால் யாரிடம் போய்க் கையை நீட்ட வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள்: சீருடை அணிந்த காவலர், அல்லது குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்.